மழைக்காலத்தில் உரியும் டிஸ்ப்ளே ஃபிலிம் கோட்டிங்: பிடி எங்கே விடுகிறது?

கேட்டிருப்பவர் மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு கோட்டிங் லைன் வைத்திருக்கிறார். 100 மைக்ரான் பாலியெஸ்டர் ஃபிலிமில் 5 மைக்ரான் யூவி ஹார்ட் கோட் (யூவி ஒளியில் இறுகும், கீறல் தாங்கும் பூச்சு) போட்டு, டிக்கெட் மெஷின், எலக்ட்ரானிக் தராசு, வண்டி டேஷ்போர்டு டிஸ்ப்ளேக்களுக்கு வெட்டிக் கொடுக்கிறார். ஓட்டிய அன்று, கட்டம் கீறி டேப் ஒட்டி இழுக்கும் டேப் டெஸ்டில் ஒரு கட்டம்கூடப் பிரிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் எடுத்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து உரிகிறது. கோட்டிங் லிக்விட் கொடுத்தவர் இனிஷியேட்டரை (யூவி பட்டதும் கோட்டிங்கை இறுகத் தொடங்க வைக்கும் பொருள்) கூட்டச் சொல்கிறார், யூவி லாம்ப்காரர் பவரைக் கூட்டச் சொல்கிறார், இன்னொருவர் ஒட்டுதலுக்காகச் சேர்க்கும் சிலேன் கலக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது, ஸ்டாக்கில் இருக்கும் ரோல்களை என்ன செய்வது என்பது கேள்வி.

மூன்றையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முதல் இரண்டும் நிலைமையை இன்னும் மோசமாக்க வாய்ப்பு அதிகம்.

அன்று நன்றாக ஒட்டியிருந்தது மழைக்குப் பிறகு உரிகிறது என்றால், இரண்டு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. க்யூர் ஆகும்போது, அதாவது யூவி ஒளியில் இறுகும்போது, கோட்டிங் சுருங்குகிறது. ஃபிலிம் அதைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் கோட்டிங்குக்குள் ஒரு இழுவிசை தங்கிவிடுகிறது. லைனை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து அது விடாமல் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் உள்ளே போகிறது. ஹார்ட் கோட் ஆகியிருக்கும் 5 மைக்ரான் அக்ரிலேட் ஈரத்துக்குப் பெரிய தடுப்பே இல்லை. கோட்டிங்கும் ஃபிலிமும் சந்திக்கும் இடத்தில் வேதிப் பிணைப்பு இல்லாமல் வெறும் ஒட்டுதலாக இருந்தால், அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. பிடி குறைந்து இழுவிசைக்குக் கீழே போகிற அன்று உரியத் தொடங்குகிறது. உரிக்கும் விசை ஓரத்தில்தான் குவியும், அதனால்தான் ஓரம் முதலில் வருகிறது. ஆக, இழுவிசையைக் குறைக்க வேண்டும், ஈரத்தில் நிற்கிற பிடியைக் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் அடுத்த மழைக்கும் இதே கதைதான்.

எங்கே பிரிந்தது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. உரிந்த ஃபிலிமுக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைத்து, சாதாரண ட்யூப் லைட்டின் பிம்பத்தை அதில் பாருங்கள். எல்ஈடி ட்யூபைவிடப் பழைய ஃப்ளோரசன்ட் ட்யூப் நல்லது. பாலியெஸ்டரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.65, அக்ரிலேட் கோட்டிங்குடையது சுமார் 1.52. இந்த வித்தியாசத்தால் கோட்டிங் இருக்கும் இடத்தில் மெல்லிய வானவில் வரிகள் ஓடும். உரிந்த இடத்தில் வரி எதுவும் இல்லாமல் சுத்தமாக இருந்தால், ஃபிலிமின் மேல்பரப்பிலேயே பிடி விட்டிருக்கிறது. வேறு மாதிரி அகலமான நிறத் திட்டுகள் தெரிந்தால், கோட்டிங்கின் அடிப்பகுதி கொஞ்சம் ஃபிலிமிலேயே தங்கியிருக்கிறது. அதாவது கோட்டிங் தனக்குள்ளேயே கிழிந்திருக்கிறது. அடுத்து, டேப்பில் பெரிய செதிலாக ஒட்டி வந்ததை எடுங்கள். அதன் அடிப்பக்கம் இப்போது உங்களைப் பார்த்து இருக்கும். எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற சால்வென்ட், அதாவது கரைப்பான்) தொட்ட பஞ்சால் அந்த அடிப்பக்கத்தை லேசாகத் தேயுங்கள். பிசுபிசுத்தாலோ வெளுத்தாலோ அடி க்யூர் ஆகவில்லை. ஒன்றும் ஆகாவிட்டால் க்யூரிங் சரி, பரப்பில்தான் கோளாறு. இந்தச் சோதனைக்கு ஒரு டேப்பும் பஞ்சும் போதும். ஆனாலும் பெரும்பாலான பட்டறைகளில் இதைச் செய்யாமல்தான் லிக்விடை மாற்றுகிறார்கள்.

சரி, பரப்பில் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். பாலியெஸ்டர் பிடிவாதமான ஃபிலிம். பாலிகார்பனேட்டாக இருந்தால் லிக்விடில் உள்ள சில மோனோமர்களே (க்யூரிங்கில் ஒன்றோடொன்று பிணையும் சிறு மூலக்கூறுகள்) அதைக் கொஞ்சம் கடித்து உள்ளே இறங்கும். எல்சிடி டிஸ்ப்ளேயின் போலரைசரில் வரும் டிஏசி (செல்லுலோஸ் வகை) ஃபிலிமாக இருந்தால் சரியான சால்வென்ட் அதன் மேல்பரப்பை ஊற வைக்கும், கோட்டிங் அதற்குள் கலந்து நின்றுவிடும். இரு திசையிலும் இழுத்துப் படிகமான பாலியெஸ்டரில் எம்இகேயும் எத்தில் அசிடேட்டும் ஊற்றினாலும் அது அசையாது. அதனால்தான் ஆப்டிகல் தர பாலியெஸ்டரைச் செய்கிறவர்களே, இழுக்கும் லைனில் வைத்து, 100 நானோமீட்டருக்கும் குறைவான ஒரு பிரைமர் (ஒட்டுதலுக்கான அடிப்பூச்சு) பூசித் தருகிறார்கள். அக்ரிலிக், பாலியெஸ்டர், பாலியூரித்தேன் வகைப் பிரைமர்கள் உண்டு. நீங்கள் வாங்குவது பிரைமர் போட்டதா, ஒரு பக்கமா இரு பக்கமா, அந்தப் பிரைமர் யூவி ஹார்ட் கோட்டுக்கானதா, இல்லை பிரிண்டிங் மைக்கானதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கப் பிரைமர் ரோலைத் திருப்பி மாட்டிவிட்டு, மாதக்கணக்கில் ஃபார்முலாவை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரே ரோலின் இரு பக்கத்திலும் கையால் கோட்டிங் இழுத்து, க்யூர் செய்து, வெந்நீரில் போட்டு டேப் வையுங்கள். எந்தப் பக்கம் பிரைமர் என்று அதுவே சொல்லிவிடும்.

ஆப்டிகல் பிரைமரில் இன்னொரு லாபமும் உண்டு. அதன் ஒளிவிலகல் எண் 1.58 அளவிலும் தடிமன் 85 முதல் 90 நானோமீட்டர் அளவிலும் இருந்தால், முன்னே சொன்ன வானவில் வரிகள் பெருமளவு அடங்கிவிடும். டிஸ்ப்ளே வாங்குகிறவர் கண்ணுக்கு இதுதான் முதலில் தெரியும்.

பிரைமர் இல்லாத ஃபிலிம் என்றால் கொரோனா, அதாவது காற்றில் மின்பொறி விட்டு ஃபிலிமின் மேல்பரப்பைப் பதப்படுத்துவது. இதில் எல்லோரும் டைன் எண்ணை (திரவம் மேல்பரப்பில் எவ்வளவு நன்றாகப் பரவும் என்பதன் அளவு) மட்டும் துரத்துகிறார்கள். ட்ரீட்மென்ட் இல்லாத பாலியெஸ்டர் 42, 43 டைனில் நிற்கும். 50க்கு மேலே போனால் ஹார்ட் கோட்டுக்கு நல்லது. ஆனால் எண் ஏறிக்கொண்டே போவதால் ஒட்டுதலும் ஏறும் என்று நினைக்காதீர்கள். அளவுக்கு மீறிக் கொரோனா கொடுத்தால் மேல்பரப்பில் பாலிமர் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்து, நீரில் கரையும் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். சுண்ணாம்பு பொரிந்த சுவரில் பெயிண்ட் அடித்த மாதிரி, கோட்டிங் அந்தப் படலத்தை இறுக்கமாகப் பிடிக்கும், படலம்தான் ஃபிலிமைப் பிடிக்காது. உலர்ந்திருக்கும்போது டேப் டெஸ்ட் தேறும், ஈரத்தில் கழன்று வரும். உங்கள் அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது. சோதிக்க ஒரு எளிய வழி: ட்ரீட் செய்த ஃபிலிமில் டைன் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள், கோடு 2 வினாடி உடையாமல் நிற்க வேண்டும். பக்கத்திலேயே ஓர் இடத்தைத் தண்ணீர் நனைத்த டிஷ்யூவால் துடைத்து உலர விட்டு, மறுபடி கோடு போடுங்கள். எண் கணிசமாக விழுந்தால் அதிகமாகக் கொடுக்கிறீர்கள். டைன் பேனாக்கள் பலவற்றில் கருவைப் பாதிக்கக்கூடிய ஃபார்மமைடு இருக்கும், கையுறை இல்லாமல் தொட வேண்டாம். குறிப்பாகப் பெண்கள் வேலை செய்யும் இடமாக இருந்தால் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை வாட்டில் பேசினால் கணக்கு வராது. வாட்டை அகலத்தாலும் வேகத்தாலும் வகுக்க வேண்டும். 1,000 வாட், 1 மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகம் என்றால், சதுர மீட்டருக்கு 50 வாட்-நிமிடம். பாலியெஸ்டருக்குப் பெரும்பாலும் இதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆபரேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது பவர் அப்படியே இருந்தால் கொரோனா தானாகக் கூடிவிடும் என்பதையும் கவனியுங்கள். கொரோனாவின் பலன் நாளாக நாளாக இறங்கும், அதனால் லைனிலேயே கொடுத்து உடனே கோட் செய்வது உத்தமம். பிரைமர் போட்ட ஃபிலிமுக்கு மேலே வீரமாகக் கொரோனா கொடுக்க வேண்டாம், நல்ல பிரைமரைக் கெடுத்துவிடும்.

இனி இழுவிசை. ஹார்ட் கோட் லிக்விடில் ஆறு கை (பக்கத்து மூலக்கூறோடு பிணையும் முனை) உள்ள டிபிஎச்ஏ மாதிரியான மோனோமர் அதிகம் இருக்கும். பென்சிலால் கீறிக் கடினத்தைப் பார்க்கும் பென்சில் டெஸ்டில் 3எச் காட்டுவதற்கு அதுதான் சுலபமான வழி. ஆனால் கை அதிகமாக அதிகமாகச் சுருக்கமும் அதிகம். உங்கள் ஃபிலிமில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக் கண்ணாடி மேல் வைத்து, நான்கு மூலையும் எவ்வளவு தூக்குகிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். 100 மைக்ரான் ஃபிலிமே குழல் மாதிரி சுருண்டால், எவ்வளவு இழுவிசை உள்ளே இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் லைனில் டைன் எண்ணைவிட இந்த அளவுக்குத்தான் முதலிடம்.

உரிக்கும் ஆற்றல் கோட்டிங்கின் தடிமனோடு நேராகவும், இழுவிசையின் வர்க்கத்தோடும் ஏறும். 5 மைக்ரானை 3 ஆக்கினால் உரிக்கும் ஆற்றல் 40 சதவீதம் குறையும். இழுவிசையையே பாதியாக்கினால் கால்வாசிக்கு வந்துவிடும். ஆகவே ஃபார்முலாவில் செய்யும் மாற்றம்தான் பெரிய பலன் தரும். டிபிஎச்ஏவில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, கை குறைந்த யூரித்தேன் அக்ரிலேட் ஆலிகோமர் (மோனோமரைவிட நீளமான மூலக்கூறு) சேர்க்க வேண்டும். கடினம் விழுந்தால் அதை ஈடுகட்ட 10, 20 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா, அதுவும் மெத்தாக்ரிலேட் சிலேனால் மேல்பரப்பு பதப்படுத்தியது, சேர்க்கலாம். சிலிக்கா சுருங்குவதில்லை, ஒளியையும் சிதறடிக்காத அளவு சிறியது. ஆனால் சால்வென்ட் மாறினால் கட்டி கட்டியாகச் சேர்ந்து ஹேஸ் (மங்கல்) ஏறும், அதனால் லிக்விட் கொடுப்பவரிடம் கலந்தே கேட்டு வாங்குங்கள். பட்டறையில் கலக்கும் வேலை வேண்டாம். வாடிக்கையாளர் 3எச் கேட்கிறாரா, 0000 எண் ஸ்டீல் வுல்லில் கீறல் விழாமல் இருக்கக் கேட்கிறாரா என்றும் தெளிவாகக் கேளுங்கள். பென்சில் எண் கோட்டிங்கின் தடிமனையும் கீழே உள்ள ஃபிலிமின் மென்மையையும் பொறுத்தது. தராசு டிஸ்ப்ளேயில் உண்மையில் விழுவது துணியும் விரலும் தூசியும் கீறும் கீறல். அதற்கு ஸ்டீல் வுல்தான் பொருத்தமான சோதனை, 3 மைக்ரானிலேயே அதைத் தேற்றலாம்.

இனிஷியேட்டரைக் கூட்டச் சொன்னதற்கு வருவோம். இனிஷியேட்டர் யூவியை உறிஞ்சித்தான் வேலை செய்கிறது. அளவைக் கூட்டினால் மேல்பகுதியே எல்லாவற்றையும் குடித்துவிடும், அடிக்கு ஒளி போய்ச் சேராது. மேலே கல் மாதிரி, அடியில் அரைவேக்காடு. ஒட்டுதல் வேண்டியது அடியில்தான். அடி க்யூர் ஆகவில்லை என்று எம்இகே சோதனை காட்டினால், அளவைக் கூட்டாமல் வகையை மாற்றுங்கள். 184 என்று சொல்கிற வகை குறுகிய அலைநீளத்தில், மேல்பரப்பில் வேலை செய்யும். டிபிஓ போன்ற பாஸ்ஃபின் ஆக்சைடு வகைகள் 380, 400 நானோமீட்டர் ஒளியையும் வாங்கும், அந்த ஒளி ஆழமாக இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் வழக்கம். டிபிஓவை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் மிகுந்த கவலைக்குரிய பொருட்கள் பட்டியலில் சேர்த்தது, ஏற்றுமதி சரக்கு என்றால் வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

லாம்ப் பவரைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் சுருக்கமும் சூடும் கூடும். அடி அரைவேக்காடாக இருந்தால் மட்டும் டோஸ் (கோட்டிங்கில் மொத்தமாக விழும் யூவி அளவு) பற்றி யோசியுங்கள். அப்போதும் அதை அளக்கும் ரேடியோமீட்டர் வைத்து அளந்துதான் பேச வேண்டும். மெர்க்குரி லாம்ப் வயதாகும், ரிஃப்ளெக்டரில் சால்வென்ட் ஆவியும் தூசியும் படியும். ரிஃப்ளெக்டரைத் துடைத்தாலே இழந்த டோஸ் திரும்ப வந்த லைன்கள் உண்டு. மேல்பரப்பு மட்டும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்றால் அது ஆக்சிஜன் தடை, காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்பரப்பை க்யூர் ஆக விடுவதில்லை. அதற்கு நைட்ரஜன் கொடுக்க வேண்டும், இனிஷியேட்டரால் தீர்க்கப் பார்த்தால் மறுபடி அடி கெடும்.

மதுரைக்கென்று இரண்டு விஷயம். சித்திரை, வைகாசி மதியத்தில் ஷெட்டுக்குள் 40 டிகிரியைத் தொடும்போது, எம்இகே மாதிரி 80 டிகிரியில் கொதிக்கும் சால்வென்ட் கோட்டிங் ஹெட்டிலேயே பறந்துவிடும். லிக்விட் கெட்டியாகும், பரவாமல் வரி விழும். மழைக்காலத்தில் அதே சால்வென்ட் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர வைக்கும், காற்றின் ஈரம் அதன்மேல் பனித்துவிடும். கோட்டிங் லேசாக வெளுத்தால் அதுதான் காரணம். கண்ணுக்கு வெளுப்பு தெரியாத அளவிலும் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். 120 டிகிரியில் கொதிக்கும் பிஜிஎம்ஈ மாதிரி மெதுவான ஒன்றைக் கலந்து, அதற்கேற்ப டிரையர் நேரத்தையும் கூட்டுங்கள். சால்வென்ட் உள்ளே தங்கியபடி லாம்புக்குப் போனால் வேறு தலைவலி. கோட்டிங் அறையை மட்டுமாவது தடுத்து டீஹ்யூமிடிஃபையர் வையுங்கள், வருடம் முழுக்க 50 சதவீத ஈரப்பதத்தை ஒட்டி இருக்கட்டும். இரண்டாவது, நம் ஊரில் ரப்பர் பட்டறைகள் அதிகம். பக்கத்து ஷெட்டில் அச்சிலிருந்து ரப்பர் கழல சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்கிறார்கள் என்றால், அது காற்றில் வந்து உங்கள் ஃபிலிமில் உட்காரும். கோட்டிங்கில் மீன் கண் மாதிரி குழிகள் தென்பட்டால் லிக்விடைக் குறை சொல்லுமுன் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஓரம் முதலில் உரிகிறது என்றீர்கள். ரோலை நீளவாக்கில் வெட்டும் ஸ்லிட்டிங் பிளேடை எப்போது மாற்றினீர்கள்? தெற்காவணி மூல வீதியில் நகைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற லென்ஸ் ஒன்று வாங்கி, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். கடினமான கோட்டிங்கை மழுங்கிய பிளேடு வெட்டும்போது ஓரத்திலிருந்து உள்ளே மயிரிழை வெடிப்புகள் ஓடும். ஒவ்வொரு வெடிப்பும் ஈரத்துக்கு வாசல். டை கட்டிங்கிலும் இதே பிரச்சினைதான், கோட்டிங் பக்கத்திலிருந்து வெட்டுவதா பின்பக்கத்திலிருந்து வெட்டுவதா என்று இரண்டையும் வெட்டி லென்ஸில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டேஷ்போர்டு சரக்குக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணியில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் சுமார் 320 நானோமீட்டருக்குக் கீழே உள்ள யூவியை உறிஞ்சும். கோட்டிங் அந்த ஒளியைக் கீழே விட்டால், அது ஃபிலிமின் மேல்தோலைத்தான் முதலில் சிதைக்கும், கோட்டிங் உட்கார்ந்திருக்கும் அதே தோலை. முதல் நாளில் எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் சில கோடைகளில் மேல்தோலோடு சேர்ந்து வந்துவிடும். கோட்டிங்கில் பென்சோட்ரையசோல் அல்லது ட்ரையசின் வகை யூவி அப்சார்பரும் கூடவே எச்ஏஎல்எஸ் வகை நிலைப்படுத்தியும் வேண்டும். அப்சார்பர் சேர்த்தால் க்யூரிங் ஒளியையும் அது தின்னும், அதனால்தான் நீள அலையில் வேலை செய்யும் இனிஷியேட்டர் இங்கே கட்டாயம். கடைக்குள் இருக்கும் தராசுக்கு இந்தச் செலவு தேவையில்லை, இரண்டு கிரேடாகப் பிரித்துவிடுங்கள்.

சிலேன் கண்ணாடிக்கு அருமையான பொருள், கண்ணாடியின் மேல்பரப்பில் அது பிடிக்கக் கை இருக்கிறது. வெறும் பாலியெஸ்டரில் அப்படிப் பிடிக்க இடம் மிகக் குறைவு. உங்கள் பிரச்சினைக்கு அதில் பணம் போட வேண்டாம்.

சோதனையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ஏஎஸ்டிஎம் டி3359 முறையில் 50 மைக்ரான் வரையான கோட்டிங்குக்கு 1 மில்லிமீட்டர் இடைவெளியில் 11 கோடு, குறுக்கே 11 கோடு, மொத்தம் 100 கட்டம். டேப்பை அழுத்தி ஒட்டி ஒன்றரை நிமிடம் போல விட்டு, தன்மேலேயே மடித்து, வெடுக்கென்று பிடுங்காமல் வேகமாக இழுக்க வேண்டும். ஒன்றும் வராவிட்டால் 5பி. இதை ஓட்டிய அன்று செய்வது வெறும் தொடக்கம். ஈரத்தில் வைத்தெடுத்த பிறகு செய்வதுதான் உங்கள் நிஜமான எண். பெரிய கம்பெனிகள் 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் கேட்கும், அந்தப் பெட்டி விலை அதிகம். பட்டறைக்கு ஒரு மாற்று உண்டு. மூடி இறுகும் கண்ணாடி ஜாடியில் ஆய்வகத் தர பொட்டாசியம் சல்பேட்டைக் கரையாமல் மிஞ்சும் அளவு தண்ணீரில் போட்டு, மேலே ஃபிலிம் துண்டுகளைத் தண்ணீர் படாமல் தொங்கவிட்டு, 60 டிகிரி ஓவனில் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி நிற்கும். சாதாரண சோடியம் குளோரைடு என்றால் 75 சதவீதம். பத்து நாள் வைத்து எடுத்து, துடைத்து, கட்டம் கீறி டேப் போடுங்கள். பிரஷர் குக்கரில் வேகவைத்துச் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலியெஸ்டர் சுமார் 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும், 120 டிகிரியில் நடப்பது உங்கள் கடையில் ஒருநாளும் நடக்காது. பரப்பில் என்ன படிந்திருக்கிறது என்று இன்னும் ஆழமாகத் தெரிய வேண்டுமென்றால், காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) பக்கத்தில்தான் இருக்கிறது. உரிந்த இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

ஸ்டாக்கில் உள்ள ரோல்களை மறுபடி லாம்பில் ஓட்டாதீர்கள், இன்னும் சுருங்கும். மேலே இன்னொரு கோட் போடுவதும் வேண்டாம், க்யூர் ஆன ஹார்ட் கோட் மேல் அடுத்தது பிடிக்காது, பிடித்தாலும் இழுவிசைதான் கூடும். ஒவ்வொரு ரோலிலும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் வெட்டி ஜாடியில் போடுங்கள். மூன்றும் தேறிய ரோலைப் புதுப் பிளேடில் வெட்டி, கடைக்குள் வைக்கும் தராசுக்கு மட்டும் கொடுக்கலாம். தேறாத ரோலை எந்த டிஸ்ப்ளேக்கும் அனுப்ப வேண்டாம். ரோல் நம்பர், ஓட்டிய தேதி, அன்றைய ஈரப்பதம், கொரோனா வாட், லைன் வேகம் இவற்றை ஜாடி முடிவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். லிக்விட்காரர் அடுத்த முறை வரும்போது அந்தத் தாளையும் செதில் ஒட்டிய டேப்பையும் அவர் முன்னால் வைத்துப் பேச்சைத் தொடங்கலாம்.